ஹாம்ஸ்டர் இன்னும் சாப்பிடலை

மகள் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டிருந்த ஹாம்ஸ்டர் என்கிற குட்டி வளர்ப்பு எலி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நடுவில் இருந்த மூன்று நாளும் அவளுடைய அறைக் கதவைத் திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. திறந்திருந்தால் போகிற வருகிற போதெல்லாம் கண் உள்ளே போனது. சாத்தியிருந்தால் அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

அவர் லிப்ட் மெக்கானிக். இருபத்தொன்பது வருஷமாக அதே வேலை. மனைவி சலவைக் கடையில் துணி வாங்கி வைத்து ரசீது போட்டுக் கொடுப்பவள். ஒரே பிள்ளை. இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஹாம்ஸ்டர் குட்டிகள் வளர்த்துக் கொடுக்கும் ஒரு அம்மாவிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். குட்டி தயாராவதற்குள் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் வேறொரு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. தங்கப்போகும் விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை.

"தனி வீடு கிடைக்கிற வரைக்கும் நீங்க பாத்துக்குங்கப்பா. அம்மாவுக்கு எலின்னாலே ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

குட்டி வந்த அன்று சாயங்காலம் கூண்டு வைக்கும் வேலை நடந்தது. போனை அவளுடைய புத்தக அலமாரியில் சாய்த்து வைத்தார். அதிலிருந்து அவள் முகம் உத்தரவு போட்டது.

"ஜன்னல் பக்கம் வேணாம்பா, வெயில் அடிக்கும். உள் சுவரை ஒட்டி என் மேசை இருக்கில்ல, அது மேல வைங்க."

"மேசைல உன் சாமானெல்லாம் இருக்கே."

"எடுத்துக் கட்டில்ல போடுங்க."

ஒரு பேனா, தலைவாரி, பாதி தீர்ந்த முகப் பூச்சு டப்பா. அவள் விட்டுப் போன மாதிரியே கிடந்தவை. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தார். மேசையில் வைத்திருந்த அதே வரிசை.

காகிதத் துருவலை ஒரு சாண் ஆழத்துக்குப் போடச் சொன்னாள். அவர் இரும்பு டேப்பை விட்டு நாலு மூலையிலும் அளந்து பார்த்தார். ஒளிந்துகொள்ள ஒரு மர வீடு. மெல்லிய தாளைக் கிழித்துப் பக்கத்தில் குவித்து வைத்தால் அதுவே உள்ளே இழுத்துப் படுக்கை போட்டுக்கொள்ளும். தண்ணீர்ப் புட்டியின் குழாய் அதன் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஓடுகிற சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். கிறீச்சென்றது. லிப்ட்காரருக்கு அந்தச் சத்தம் பொறுக்குமா? பையிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்தார்.

"அப்பா, கிரீஸ் வேணாம், நக்கி வச்சிரும். சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க, போதும்."

எண்ணெய் விட்டார். கூண்டுச் சட்டம் சாய்வில்லாமல் நிற்கிறதா என்று மட்டக்கோல் வைத்தும் பார்த்துக்கொண்டார். ஒரு லிப்ட்டை ஒப்படைக்கிற மாதிரிதான் செய்தார்.

குட்டி வந்த பெட்டியைத் திறந்து கூண்டுக்குள் காட்டியதும், பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று உருண்டு போய்த் துருவலுக்குள் மறைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. மூணு நாளைக்குத் தொடவே கூடாது. புது இடம், பயந்து போயிருக்கும். பக்கத்துல உக்காந்து மெதுவா பேசுங்க. உங்க குரல் பழகட்டும்."

"என்னன்னு பேசுறது?"

"ஏதாவது பேசுங்கப்பா."

போனை வைத்த பிறகு பார்த்தார். ஒரு மணி ஐம்பது நிமிஷம் பேசியிருக்கிறார்கள். அவளோடு அத்தனை நேரம் அவர் பேசியதே இல்லை. சாப்பிட்டியா, வண்டியில பெட்ரோல் இருக்கா, கதவைப் பூட்டினியா. இவ்வளவுதான் அப்பாவும் மகளும். மற்றதெல்லாம் அம்மா வழியாகப் போகும், அம்மா வழியாக வரும். கோபதாபம் எதுவும் இல்லை. அவள் சின்னவளாக இருந்தபோது எந்த நேரத்திலும் கூப்பிடுகிற வேலை அவருக்கு; அவர் வீடு திரும்பும்போது தூங்கியிருப்பாள். அந்த வேலை குறைந்தபோது அவள் வளர்ந்துவிட்டிருந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போய்விட்டது.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கூண்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு ஆறாவது மாடியில கதவு சிக்கிக்கிச்சு" என்றார். துருவல் அசையவில்லை. "உள்ள ஒரு அம்மா. தனியா. பயப்படாதீங்கம்மா, நான் வெளியதான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே கழட்டினேன். கதவு திறந்ததும் ஒரு வார்த்தை பேசல, விறுவிறுன்னு நடந்து போயிட்டாங்க."

அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கேட்டது. "எலிகிட்ட சொல்றதை மனுஷிகிட்ட சொன்னா வாய் வலிக்குமா?" என்றாள்.

தினமும் சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். தண்ணி எவ்வளவு குறைஞ்சிருக்கு, தாளை உள்ளே இழுத்திருக்கா, எந்த மூலையில தோண்டுது. அவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். கையில் கிரீஸ் வாசனை இருந்தால் கிட்டே வராது என்றாள். வாசனை இல்லாத சோப்பு வாங்கி வந்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். ஆறாம் நாள், "ராத்திரியெல்லாம் சக்கரத்துல ஓடியிருக்கு. கிண்ணம் காலி" என்று பெருமையாகச் சொன்னார்.

"அப்பாடா, பழகிடுச்சுப்பா. இனிமே கவலை இல்லை. எனக்கு இந்த வாரம் வேலை தலைக்கு மேல இருக்கு. ஞாயித்துக்கிழமை பேசுறேன்."

அன்று புதன் கூட வரவில்லை.

மறுநாள் அந்தி நேரத்தில் சூரியகாந்தி விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கூண்டுக்குள் நீட்டினார். கை மரத்துப் போகும் வரை அசைக்கவில்லை. மர வீட்டிலிருந்து முதலில் மூக்கு வந்தது, மீசை வந்தது, பிறகு முழு உடம்பும் தயங்கித் தயங்கி வந்தது. முன்கால் இரண்டையும் அவர் விரல் மேல் ஊன்றி, விதையை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடியது. பஞ்சு பட்டது போலக்கூட இல்லை, அவ்வளவு லேசு. அவர் உடனே போனை எடுத்தார். எடுத்த கை நின்றது. இதைச் சொன்னால், "சூப்பர்ப்பா" என்பாள். அப்புறம்?

வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஹாம்ஸ்டர் இன்னிக்கு சாப்பிடலை" என்று செய்தி அனுப்பினார்.

ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது. "என்னப்பா ஆச்சு? காலையிலேர்ந்தா? வீடியோ போடுங்க." அவள் அலுவலக நடைபாதையில் நின்றிருந்தாள். முடி கலைந்திருந்தது. இளைத்த மாதிரி தெரிந்தது. அது துருவலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று அவர் சொல்ல, அரை மணி நேரம் பேசினார்கள்.

அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் வெளியே வரவில்லை என்றார். அதற்கடுத்த நாள் மூலையிலேயே சுருண்டு கிடக்கிறது என்றார். ஒவ்வொரு நாளும் அவள் கூப்பிட்டாள். வெள்ளரித் துண்டு வைத்துப் பாருங்க, கூண்டு மேல துணி போடுங்க, டிவி சத்தத்தைக் குறைங்க. அவர் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டார். அவள் குரல் காதில் இருக்கும்போது கூண்டுக்குள் அது வெள்ளரியை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருக்கும். போனை அந்தப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்வார்.

மனைவிக்குக் கண் இல்லையா என்ன? "பூசணிக்காய் மாதிரி ஆகிட்டிருக்கு. யாரு சாப்பிடலையாம்?" என்று கேட்டாள்.

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். அவ சும்மா இருக்க மாட்டா. உங்க பொண்ணாச்சே."

அப்படியேதான் ஆனது. பொய் சொல்ல ஆரம்பித்த ஒன்பதாம் நாள் மகள் கூப்பிட்டாள். "அப்பா, குட்டி குடுத்த அம்மாகிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வந்து திரும்ப எடுத்துக்கிறேன்னு சொன்னாங்க. அவங்ககிட்ட இருந்தா பிழைச்சுக்கும். ஆசைப்பட்டு வாங்கி உங்க தலையில கட்டிட்டு வந்துட்டேன். என் தப்புதான்."

அவர் கூண்டின் தண்ணீர்ப் புட்டியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

வெள்ளிக்கிழமை பதினாலு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், மெஷின் ரூமில் இருந்தார். இரும்புக் கயிறுகளைத் துடைத்து முடித்தாயிற்று. சோதித்துப் பார்க்க லிப்ட்டைக் கீழே இறக்கி மேலே ஏற்ற வேண்டும். ஸ்விட்சில் வைத்த கையை எடுத்துவிட்டு, கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டார். பகலில் அவர் அவளைக் கூப்பிட்டதே கிடையாது.

"அப்பா? அதுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு. முதல் வாரத்துலேர்ந்தே நல்லாதான் இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"சாப்பிடலைன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"எதுக்குப்பா?"

"அப்படிச் சொன்னா நீ கூப்பிட்ட."

அந்தப் பக்கம் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு கடந்து போகும் சத்தம் கேட்டது. அது போய் முடிந்த பிறகு அவள் சொன்னாள்: "ஒம்போது நாளா சரியாத் தூங்கலப்பா நான். என்னாலதான் சாகப்போகுதுன்னு நினைச்சு நினைச்சு..." மீதியைச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கூப்பிடவில்லை. சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. குட்டி கொடுத்த அம்மா மட்டும் கையில் ஒரு கூடையோடு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். வரவேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மர வீட்டைத் தூக்கிப் பார்த்தாள், குட்டியை எடுத்து வயிற்றைத் தடவினாள், பல்லைப் பார்த்தாள். துருவலுக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தாள்.

"இதுக்கு என்ன நோவு? ராஜா மாதிரி இருக்கு" என்றாள்.

"அது ஒரு சின்னக் குழப்பம்மா" என்றார் அவர்.

"குழப்பம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேநீரைக் குடித்துவிட்டு வெறும் கூடையோடு போனாள். மனைவி உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ ஒரு வார்த்தை பேசிப் பாரேன் பாப்பாகிட்ட" என்று அவர் கேட்டபோது மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இத்தனை வருஷம் நடுவுல நின்னாச்சு. இதை நீங்களே பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். குளிக்கப் போனபோது குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்தார். இருட்டுகிற நேரத்தில் அது அடித்தது.

"கோபம் இன்னும் போகல" என்றாள் மகள்.

"சரி."

"பேசணும்னா பேசணும்னு சொல்ல வேண்டியதுதானே."

"எனக்கு அது வர்றதில்ல பாப்பா."

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "இங்க வந்து மூணு வாரம் ஆச்சு. இன்னும் பெட்டியைப் பிரிக்கல. தினமும் ஒரு துணியை எடுக்கறது, துவைச்சு மறுபடி அதுலயே வைக்கறது. சாயங்காலம் உங்ககிட்ட கூண்டு எப்படி இருக்கு, தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டேன்ல, பாதி கேள்விக்கு எனக்கே பதில் தெரியும். போனை வச்சிட்டா ரூம்ல ஒரு சத்தமும் இருக்காதுன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அவர் ஆறுதலாக எதையாவது சொல்லத்தான் நினைத்தார்.

"பெட்டியைப் பிரி" என்றார்.

"இப்பவா?"

"இப்பவே. நான் லைன்ல இருக்கேன்."

பெட்டியின் ஜிப்பு இழுபடும் சத்தம் கேட்டது. போனை எதன் மேலோ சாய்த்து வைத்தாள். அறையின் ஒரு மூலை தெரிந்தது: குறுகலான கட்டில், சாம்பல் நிற இரும்பு அலமாரி, திரையில்லாத ஜன்னல். கனமான சாமானைக் கீழ்த் தட்டுல வை என்றார். அலமாரி ஆடுது என்றாள். அட்டையை நாலா மடிச்சு முன்காலுக்கு அடியில குடு என்றார். மடித்துக் கொடுத்தாள், ஆட்டம் நின்றது. கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடு, காத்து முகத்துல அடிக்கும் என்றார். அவள் இழுத்தபோது தரையில் கால் உராய்ந்த சத்தம் இங்கே வரைக்கும் வந்தது. நீல நிறப் போர்வை ஒன்றை உதறி விரித்தாள். வீட்டிலிருந்து எடுத்துப் போனது. அது அங்கே இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது.

இரண்டு மாதம் கழித்து இரண்டு நாள் லீவில் வந்தாள். பையைக் கூட இறக்காமல் கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். அவள் கிட்டே வந்ததும் ஹாம்ஸ்டர் துருவலுக்குள் ஓடிவிட்டது. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"உன் வாசனை அதுக்குத் தெரியாதில்ல" என்றார். "கையைக் கழுவிட்டு வா. அவசரப்படக் கூடாது."

சாயங்காலம் முழுக்க அவள் உள்ளங்கையில் விதையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார், உள்ளே போகவில்லை. கூண்டையா பார்த்தார்? அவள் முதுகையும், காதுக்குப் பின்னால் ஒதுக்கிய முடியையும், அசையாமல் இருக்கப் பாடுபடுகிற தோளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாளை இந்நேரம் அவள் ரயிலில் இருப்பாள். ஹாம்ஸ்டர் வெளியே வந்து விதையை எடுத்துக்கொண்டபோது அவள் திரும்பிப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

தனி வீடு இன்னும் கிடைக்கவில்லை. ஹாம்ஸ்டர் அப்பாவிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் சாயங்காலம் யாராவது ஒருவர் கூப்பிடுகிறார்கள். சொல்ல விஷயம் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. இல்லாத நாளில் போனைத் திறந்தே வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். அவர் கூண்டைச் சுத்தம் செய்துகொண்டே காதைத் தீட்டிக் கேட்பார். தூரத்து ஊரில் குழாய் திறக்கும், ஒரு தட்டு இன்னொரு தட்டோடு இடிபடும், செருப்பு நடந்து போய்த் திரும்பி வரும்.