கண்ணாடிப் பெட்டியில் வைத்த ரொட்டி

ஒரு பெண்பிள்ளையின் நிழலுக்கு அந்தத் தெருவில் விலை ஒரு ரொட்டி. அதுவும் காலையிலிருந்து விற்காமல் கிடந்த ரொட்டி. ரொட்டிக்கடைக்காரர் தெரிந்து செய்த வியாபாரமல்ல. அன்றைய அடுப்பில் எது நன்றாகச் சிவந்து வருகிறதோ, அதைக் கிழக்குப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் வெயில் படும்படி வைப்பார். பளபளப்பைப் பார்த்து ஆள் வரும். வந்தவருக்கு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் பெட்டி ரொட்டி வீட்டுக்குப் போகும். "ஏங்க, இது வாசனை மாறியிருக்கே, பழைய எண்ணெய் மாதிரி" என்பாள் மனைவி. "வாசனைக்குத் தனியா காசு கேட்டாங்களா? சாப்பிடு" என்பார். அவர்கள் இருவரும் நடுவில் இருந்த மெத்தென்ற பகுதியைத் தின்றார்கள். மேல்தோல் மகளுக்கு, அவளுக்கு அதென்றால் உயிர்.

அடுப்புச் சூட்டில் மாவின் சத்தும் சர்க்கரையும் கைகோத்துப் பிறப்பதுதான் அந்தப் பழுப்பு. நெருப்பு போட்ட முடிச்சை வெயில் பொழுதெல்லாம் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டது. அவிழ்ந்த பழுப்பு வயிற்றுக்குள் போய், பற்றிக்கொள்ள ஓர் இருட்டைத் தேடியது. சின்னப் பிள்ளையிடம் இருந்த இருட்டு அவள் நிழல் மட்டும்தான்; அதைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. எட்டு வயதில் நிழல் தேநீர் நிறமானது, பத்தில் சாயம் போனது, பதினொன்றில் இல்லை. கடைக்காரர் அவளை வெயிலில் நாலு பக்கமும் திருப்பி நிறுத்திப் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் ஜன்னலில் கையை நீட்டியபோது, நகங்களின் வழியே எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது. "அப்பா, நான் தீர்ந்துட்டு இருக்கேனா?" என்றாள். "நீ என்ன சரக்கா, தீர்ந்துபோக?" என்றவர், அவள் கையை ஜன்னலிலிருந்து இறக்கிவிட்டார். மனைவிக்கு அந்தப் பழைய எண்ணெய் வாசனை நினைவுக்கு வந்தது. மாவுச் சாக்கைக் கிழித்துக் கண்ணாடிப் பெட்டியை மூடித் தைத்தாள். அன்றுமுதல் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, வெயில் கண்ணில் படுமுன், இருட்டறையில் வைத்து மகளுக்கு ரொட்டித் தோலை ஊட்டினாள். விரல்களில் இரண்டாம் கணுவரை ஏறிய தெளிவு அங்கே நின்றது. நின்றேவிட்டதா என்று தெரியாமல் தினமும் அந்தக் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பார்த்தபடியே பன்னிரண்டு வருஷம் போயிற்று.

இப்போது கல்லாவில் மகள். அவள் தரும் சில்லறையை அவள் விரல் வழியாகவே எண்ணிக்கொள்ளலாம் என்பதால் தெருவில் அவளுக்கு 'ஏமாத்தாத கை' என்று பெயர். மத்தியானம் வெளியே போனால் அப்பா ஒட்டியே நடக்கிறார், தன் நிழலில் பாதி அவளுக்கு ஆகட்டும் என்று. கடை அடைக்கும்போது விளக்கடியில் மூவரையும் நிறுத்தி அம்மா எண்ணுகிறாள்: ஆள் மூன்று, நிழல் இரண்டு. பாக்கி ஒன்று, வெயில் பேரில்.