ஆறு கிலோ தங்கக் கல்

காந்தாவின் மூச்சுக்கு அவள் கணவர் சிட்டிபாபு கொடுத்த விலை நாற்பதாயிரம் ரூபாய். அதுவும் பேரம் பேசி ஐயாயிரம் குறைத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது அது கல்லின் விலை என்றுதான் நினைத்தார்.

சிட்டிபாபு காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர். கிழிந்த புடவையின் ஜரிகையை வெட்டி எரிப்பார். பட்டு பொசுங்கிப் போகும், வெள்ளி நிற்கும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுச் சுவரில் கரியால் எழுதிவைப்பார். இருபத்திரண்டு வருடமாக நெருப்பு அவரை ஏமாற்றியதில்லை.

பிரேம்நாத் என்ற தரகன் ஒருநாள் மஞ்சளாக மினுக்கும் கற்களை அவர் முன்னால் கொட்டினான்.

"இன்னாண்ணே யோசிக்கிறே? உன் ஜரிகை மாதிரிதான். எரிச்சா கல்லு போயிடும், தங்கம் நிக்கும்."

"அப்போ நீயே எரிச்சுக்கிறதுதானே?"

"உன் கைராசி எனக்கு ஏதுண்ணே?"

ஊரையே பேரத்தில் மடக்குகிறவர் கைராசியில் மடங்கினார்.

மறுநாள் மதியம், வாங்கிய ஆறு கிலோ கல்லையும் இடித்து, இரும்புச் சட்டியில் போட்டு, கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். யாராவது பார்த்தால் பங்கு கேட்பார்களே! கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார். காற்று ஊதும் மெஷினைப் போட்டார். உள் அறையில் ஆஸ்துமாக்காரி காந்தா புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பட்டாசு வெடித்த தெருவைப் போல் நெடி. கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ரேவதி, தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள்.

"இன்னாண்ணா ஒரே கந்தக வாசனை?"

"ஒண்ணுமில்லமா, பழைய புடவை எரியுது. நீ போ."

அவள் போய்விட்டாள். கண் எரிச்சல் தாங்காமல் சிட்டிபாபு அடுப்பை அணைத்தார். சட்டி ஆறவில்லை. கீழே தீ இல்லை, மேலே கல் இன்னும் சிவந்துகொண்டே போனது. ஊதும் மெஷினை நிறுத்தினார். அப்போதும் கனன்றது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக நெருப்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

உள்ளே ஏதோ விழுந்த சத்தம். ஓடினார். காந்தா தரையில் கிடந்தாள், உதடு நீலமாக. வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை.

"ரேவதி! யம்மா ரேவதி!"

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவளை விரட்டிய அதே கதவைத் திறந்துகொண்டு கத்தினார். ரேவதிதான் காந்தாவைத் தெருவுக்கு இழுத்துவந்து ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிட்டிபாபு ரேவதியிடம் கேட்டார். "அடுப்பை அணைச்சேன்மா. அணைச்ச பிறகும் எப்படி எரியும்?"

"புடவைய எரிக்க உங்க நெருப்பு வேணும்ணா. இது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு. ஒருவாட்டி பத்திக்கிச்சுன்னா, காத்தோட சேர்ந்து அதுவே சூட்டைக் கக்கும். அந்தச் சூடே பக்கத்துக் கல்லைப் பத்தவைக்கும். உங்க அடுப்பு வெறும் தீக்குச்சிதான். கல்லுதான் விறகு. நீங்க சாத்தின கதவால விஷப்புகையெல்லாம் உள்ளயே நின்னுடுச்சு. நான் தட்டினப்பவே சொல்லியிருந்தா..."

நான்காம் நாள் காந்தா வீட்டுக்கு வந்தாள். பழக்க தோஷம், சிட்டிபாபு சட்டியில் இருந்ததை எடை போட்டுக்கொண்டிருந்தார். துருவைப் போல் சிவந்த தூள். தங்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"நாலு கிலோதான் இருக்குது," என்றார் தலை குனிந்தபடி.

"மிச்சம் ரெண்டு கிலோவ எங்க தேடறீங்க? நான்தான் மூச்சா இழுத்தேனே." காந்தாவுக்கு இன்னும் மூச்சு இளைத்தது. "ஊருக்குத் தெரியாம கதவைச் சாத்திக்கினு தேடற சொத்து, உள்ள இருக்கிறவங்க உசுரைத்தான் முதல்ல கேக்கும். இதையும் சேர்த்து எழுதுங்க."

சிட்டிபாபு கரியை எடுத்தார்.

போட்டது ஆறு கிலோ. நின்றது நான்கு கிலோ துரு. புகையாய்ப் போனது இரண்டு கிலோ. எடை சரியாகிவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்று ரேவதியிடம் சொன்ன பொய், பாக்கி.