தொட்டிலுக்குள் ஒரு சத்தம்

விமானத்தில் ஏறியதிலிருந்து தச்சருக்கு இருந்த ஒரே கவலை, கையில் கொடுத்த படிவம்தான். உணவு உண்டா, மரச்சாமான் உண்டா, ஆயுதம் உண்டா, உயிருள்ள பிராணி உண்டா என்று அது கேள்விமேல் கேள்வியாக அடுக்கியிருந்தது. மாப்பிள்ளை போனில் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. "மாமா, சந்தேகம் வந்தா 'ஆம்'னு போடுங்க. சொன்னா குத்தமில்ல, மறைச்சாத்தான் வம்பு."

தச்சருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டார்.

"ஏங்க, ஆயுதத்துக்குமா ஆமா?" என்றாள் மனைவி.

"பெட்டியில உளி இருக்கே."

"உயிருள்ள பிராணிக்கு?"

"நீ கூட வர்றியே."

முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுங்கக் கூடத்தில் நல்லவேளையாகத் தமிழ் பேசும் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். படிவத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பிராணி எங்கய்யா இருக்கு?"

"பயத்துல போட்டுட்டேம்மா."

கோணிச் சாக்கை அவிழ்த்தார்கள். உள்ளே ஒரு தொட்டில், பலகை பலகையாகக் கழற்றி அடுக்கியிருந்தது. மகளுக்குப் பிறந்திருக்கும் பெண் குழந்தைக்காக, ஒரு ஆணிகூட அடிக்காமல், மர முளைகளாலேயே கோத்துச் செய்தது. தலைமாட்டுப் பலகையின் மேல் ஓரத்தில் மட்டும் பட்டையைச் சீவாமல் விட்டிருந்தார். பேத்தி மரத்தடியில் தூங்குவதுபோல் இருக்கட்டுமே என்ற ஆசை.

பட்டையைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மாறியது. அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளை வாயில் மாவுபோலக் கொஞ்சம் தூள். அவள் ஒரு கருவியைப் பலகையில் பொருத்தி, காதில் மாட்டும் குமிழ்களை அவரிடம் நீட்டினாள்.

"கேளுங்கய்யா."

கர்ர்... கர்ர்... நின்றது. மறுபடி, கர்ர்...

தச்சர் குமிழ்களைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். அறுத்து, இழைத்து, எண்ணெய் போட்டு, தன் உள்ளங்கையைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த பலகை அது. அதற்குள் யாரோ குடியிருந்து, கடல் தாண்டி வந்து, இந்த நிமிஷமும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

"வண்டுப் புழு. இங்க இருக்கிற மரங்க இதைப் பார்த்ததே இல்ல. ஒரு ஜோடி வெளிய போனாப் போதும்," என்று அவள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கை காட்டினாள். வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, மலை முழுக்க மரங்கள் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. அத்தனைக்கும் இந்த மேஜைதான் வாசற்கதவா என்று அவர் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க 'இல்ல'ன்னு போட்டிருந்தா தொட்டில் நேரா எரிக்கப் போயிருக்கும். 'ஆம்'னு போட்டதால ஒரு வழி இருக்கு. பட்டையைச் சீவி எடுத்துட்டுச் சூட்டறையில வைப்போம். புழு செத்துடும். பலகை வெடிக்கலாம், வெடிக்காமலும் இருக்கலாம். அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

தச்சர் தலையாட்டினார். பிறகு மனைவியின் கைப்பையைப் பார்த்தார். அதில் அதே பலகைத் துண்டில் கடைந்த கிலுகிலுப்பை இருந்தது.

"வாயை மூடிக்கிட்டு வாங்க. அது ஒண்ணாவது புள்ள கைக்குப் போகட்டும்," என்று அவள் பல்லிடுக்கில் சொன்னாள்.

அவர் இன்னொரு தடவை மலையைப் பார்த்தார். காதுக்குள் அந்தக் கர்ர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எடுத்துக் குடுத்துடு. உள்ள யார் இருக்காங்கன்னு நமக்கென்ன தெரியும்?"

கிலுகிலுப்பையும் மேஜைக்குப் போனது. வெளியே குழந்தையோடு காத்திருந்த மகள், வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "தொட்டில் எங்கப்பா?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கும்மா."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் மதியம் மாப்பிள்ளையோடு சுங்கக் கூடத்தில் போய் நின்றார். பலகைகளும் கிலுகிலுப்பையும் வெதுவெதுப்பாக வந்தன. எதுவும் வெடிக்கவில்லை. தலைமாட்டுப் பலகையில் மட்டும், பட்டை இருந்த ஓரத்தில், மயிரிழைபோல ஒரு கீறல். நகத்தால் தடவிப் பார்த்தார். தாங்கும். அதிகாரி காதுக் குமிழ்களை நீட்டினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. யாரையோ காலி செய்ய வைத்துவிட்ட மாதிரி மனசுக்கு என்னவோ போலிருந்தது.

வீட்டில் முளைகளைத் தட்டிக் கோத்தார். மகள் குழந்தையைக் கிடத்தினாள். அது தூங்கியதும் தச்சர் மண்டியிட்டு, கீறலின் பக்கத்தில் காதை வைத்தார்.

"என்னங்க, திரும்ப வந்துருச்சா?" என்றாள் மனைவி பதறிப்போய்.

அவர் உதட்டில் விரல் வைத்து அவளைப் பக்கத்தில் இழுத்தார். அவளும் காதை வைத்தாள். பலகை வழியாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கி, பேத்தியின் மூச்சு கேட்டது.