முன்வரிசை மேஜையில் ஆடிய தலை

நாற்பது வருடமாகக் குமாரசாமி சொல்லிவந்த கதை இதுதான்: அட்லாண்டிக் சிட்டி காசினோ அரங்கில், ஆயிரம் பேர் பார்க்க, மகாபாடகர் வின்ஸ் கலாரோ பாட்டை நிறுத்திவிட்டு அவரை மேடைக்கு அழைத்துக் கட்டிக்கொண்டார். 1985இல் வெறும் கைகுலுக்கலாகப் பிறந்த கதை அது. ஊட்டி ஊட்டி வளர்த்தார். தொண்ணூறில் தோளில் கை விழுந்தது. இரண்டாயிரத்தில் கட்டிப்பிடித்தாயிற்று. கோவிடுக்குப் பிறகு கலாரோவின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இப்போது அந்தக் கதைக்கு எமன், எடிசன் நகரில் டாக்டர் சிறீஸ்கந்தராசாவின் பேஸ்மென்டில், சுவரை அடைத்த டிவியாக வந்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டரிடம் வைத்தியத்துக்கு வந்த கிழவர் ஒருவர் அந்தக் காலத்தில் அதே அரங்கில் விளக்குப் போட்டவராம். வீட்டில் பழைய வீடியோ கேசட் கிடந்ததாம். தேதியும் அதே தேதி. விடுவாரா டாக்டர்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முப்பது பேரை அழைத்துவிட்டார்.

"என்ன குமார், இப்பிடி வேர்க்குது? ஏசி போட்டுத்தானே கிடக்கு."

"பிரஷர் மாத்திரை மறந்துட்டனுங்க டாக்டர். வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு..."

"மாத்திரை என்னட்ட இருக்கு. இரும். உம்மைக் கட்டிப்பிடிக்கிறதைப் பாக்கத்தானே சனம் வந்திருக்கு."

குமாரசாமியின் நெஞ்சு அடித்த அடி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போகிற லாரிக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் மனைவி கலாவதி நிதானமாக வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று அதே மேஜையில் இருந்த ஒரே சாட்சி அவள்தான். இத்தனை வருடத்தில் அந்தக் கதையை அவள் மறுத்ததும் இல்லை, ஆமோதித்ததும் இல்லை.

"கலா, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தார்.

"அவரு ஹார்ட் டாக்டருங்க," என்றாள்.

உண்மையில் நடந்தது வேறு. கலாரோ ஒரு வரியை இழுத்து, இறக்கி, உருக்கிப் பாடினார். குமாரசாமி சொக்கிப்போய், கச்சேரியில் ஆட்டுவது போலத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நம் ஊரில் அதற்கு 'அடடா' என்று பொருள். அமெரிக்காவில் 'சகிக்கவில்லை' என்று பொருள். கலாரோ பார்த்தார். அதே வரியை மறுபடி பாடினார். நமக்காகவே பாடுகிறார் என்று குமாரசாமி இன்னும் பலமாக ஆட்டினார். மூன்றாம் தடவை தலை கழன்று மேடைமேல் உருளாததுதான் பாக்கி. அடுத்த நிமிஷம் அலமாரி சைஸில் இரண்டு பேர் வந்து, புருஷனையும் பெண்டாட்டியையும் வெளியே கூட்டிப்போய் ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவில் விட்டார்கள்.

டாக்டர் ரிமோட்டை அழுத்தினார்.

எல்லாம் வந்தது. ஆடும் தலை, மூன்று தடவை பாட்டு, அலமாரிகள்.

"ஐயோ, வெளியில எல்லோ போட்டிருக்கிறாங்கள்!" டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். பேஸ்மென்டே அதிர்ந்தது. பூமி பிளந்தால் முதலில் குதித்துவிடலாம் என்று குமாரசாமி தரையையே பார்த்தார்.

ஆனால் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கலாரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தார்.

"அந்த மனுஷன் மேல் தப்பில்லை," என்றார் மைக்கில். "இன்றைக்கு எனக்குச் சுருதி சேரவே இல்லை. உங்கள் யாருக்கும் சொல்லத் துணிவில்லை. அவருக்கு இருந்தது."

வாத்தியக்காரர்களைச் சுருதி இறக்கச் சொல்லி, அதே வரியை நாலாவது முறை பாடினார். முப்பது பேர் கையிலும் வடை அப்படியே நின்றது. இப்படி ஒரு பாட்டு பாடப்பட்ட நேரத்தில் தான் வெளியே மெஷின் இரைச்சலில் நின்றிருந்தது குமாரசாமிக்கு நெஞ்சில் குத்தியது.

பாட்டு முடிந்ததும் எல்லா முகங்களும் குமாரசாமி பக்கம் திரும்பின.

"குமார்," டாக்டரின் குரலே மாறியிருந்தது, "சுருதி விலகினது உமக்கு உண்மையாவே விளங்கினதோ?"

சுருதிக்கும் கார் ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் குமாரசாமி. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. முப்பது முகங்களையும் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"முதல் பாட்டுலயே தெரிஞ்சுதுங்க டாக்டர். சரி, பெரிய மனுசன், மூணு சான்ஸ் குடுப்போம்னு பாத்தேன்."

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. டாக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாற மாசம் எங்கட பேத்தி துவாரகா பாடுற போட்டிக்கு நடுவர் கிடைக்காமல் அலையிறம். நாற்பது பிள்ளையள். சுருதிக்குத் தனி மார்க். தாய்தகப்பன்மார் வக்கீல் வைச்சுச் சண்டை பிடிக்கிற ஆக்கள். நீர்தான் சரி."

குமாரசாமிக்கு மறுபடி வேர்த்தது, முன்பைவிடப் பத்து மடங்கு. "இல்லைங்க டாக்டர், அந்த வாரம் எனக்கு வந்து..."

"வருவாருங்க டாக்டர்," என்றாள் கலாவதி, கைப்பையிலிருந்து போனை எடுத்தபடி. "எந்தத் தேதின்னு சொல்லுங்க, இப்பவே காலண்டர்ல போட்டுடறேன்."