ஆணிச் சோறு

பெரியவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, வாசலில் போட்ட நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஒருவர் விட்டால் ஒருவர் என்று அவரைப் பற்றியே பேச்சு. புயலில் ஊர்க் கூரையெல்லாம் பறந்த வருஷம், தன் வீட்டு ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு ஆண்பிள்ளை இல்லாத வீடுகளுக்கெல்லாம் முதலில் கூரை போட்டுக் கொடுத்தவர் என்றார் பால்காரர். கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டை இரண்டு கைகளால் நிலமாக்கிக் காட்டினவர் என்றார் வாத்தியார். கூலி என்று யாரிடமும் கை நீட்டியதில்லை, ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் போதும் என்பார். கடைசி மூச்சு வரைக்கும் சுத்தியலைக் கீழே வைக்காத மனுஷன் என்று இரும்புக் கடைக்காரர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். டீத் தட்டோடு நின்ற மூத்த மருமகள் தலையாட்டவில்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தால் பெரியவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். “இன்னைக்கு என்ன கிழிச்சே?” ஊரில் இது பிரசித்தம். விருந்துகளில் அவர் பக்கத்து இடத்துக்குப் போட்டியே நடக்கும். பதிலை முன்கூட்டியே யோசித்துக்கொண்டு வருவார்கள். “நாப்பது பிள்ளைங்களைத் தூங்க வச்சேன்” என்று வாத்தியார் ஒருமுறை சொன்னதை ஊர் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தது. வீட்டுக்குள் அது சிரிக்கிற கேள்வி இல்லை. பதில் இல்லாதவருக்குத் தட்டு இல்லை. தனக்கும் அவர் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார். அதனால் யாராலும் வாய் திறக்க முடியவில்லை.

மூத்த மருமகள் அந்த வீட்டுக்கு வந்த அன்றும் கேட்டார். புதுப்பெண், பயணக் களைப்பு, பசி வேறு காதை அடைத்தது. “ஒரு பகல் முழுக்க பஸ்ல குலுங்கி, பெத்தவங்களை விட்டுட்டு உங்க வீட்டுக்கு வந்திருக்கேன் மாமா. இதுக்கு மேல என்ன கிழிக்கணும்?” என்றாள். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “அது பெரிய வேலைதாம்மா” என்று தன் கையாலேயே அவளுக்குப் பரிமாறினார். பெண் குழந்தை இல்லாத மனிதர். அன்றிலிருந்து அவளை அம்மா என்றே கூப்பிட்டார். அவரிடம் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லும் உரிமை அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

மாமியாருக்கு அது கிடைக்கவே இல்லை. படுத்த படுக்கையான பிறகும் அவள் மடியில் ஒரு முறம் இருக்கும், முறத்தில் உரிக்க வேண்டிய அவரைக்காய் இருக்கும். அவள் போன காலையில் மூடிய கைக்குள் இரண்டு காய்கள் இருந்தன. பெரியவர் விரல்களைப் பிரித்து அவற்றை எடுத்தார். உரித்து முறத்தில் போட்டார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இளைய மகன் சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் மரத்தடியில் தூங்கிவிட்டான். ஆடுகள் அடுத்தவர் வயலை மேய்ந்து தீர்த்தன. பெரியவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. வெறும் தட்டை அவன் முன்னால் வைத்து, மற்றவர்கள் சாப்பிட்டு எழும்வரை உட்காரச் சொன்னார். அம்மா ஒளித்து ஊட்டிய கவளத்தை வாயிலிருந்து துப்ப வைத்தார். பிள்ளை வளர்ப்பு என்றால் அது என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். இளையவன் பெரியவனாகி, டவுனில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேள்வி காத்திருக்கும். “உட்கார்ந்தே சம்பாதிக்கறவன். அவன் பின்பக்கம்தான் பாவம் உழைக்குது. அதுக்காக ரெண்டு கவளம் போடும்மா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இளையவனும் சிரிப்பான்.

அப்படிப்பட்டவர் களஞ்சியத்துக் கூரையிலிருந்து விழுந்தார். இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து பின்னறைக் கட்டிலில் கிடத்தியபோது கையில் நடுக்கம் வந்திருந்தது, கண்ணிலும் பாதி பார்வைதான். முதல் வேளையே தட்டைத் தள்ளிவிட்டார். “நான் என்ன கிழிச்சேன்னு சாப்பிட?” மூத்த மகன் கெஞ்சினான். டாக்டர் மிரட்டினார். தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய்விட்டது. மருமகள் ஒரு காலையில் தண்டவாளத் துண்டையும் சுத்தியலையும் பழைய ஆணி டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலோரம் வைத்தாள்.

அந்த வீட்டில் ஆணி வாங்குகிற வழக்கமே கிடையாது. பழைய பலகையிலிருந்து பிடுங்கிய கோணல் ஆணியைத் தண்டவாளத்தில் வைத்துத் தட்டி நிமிர்த்தி மறுபடி அடிப்பார். ஆணி கோணினால் அது ஆணியின் குற்றமில்லை, அடித்தவன் குற்றம் என்பது அவர் கட்சி. “கொட்டகையெல்லாம் ஆட்டம் காணுது மாமா, ஒரு நல்ல ஆணி கிடையாது” என்று அவள் சொன்னதும் தலையணையை நிமிர்த்தச் சொன்னார். பகல் முழுக்க டங் டங் என்று சத்தம். மத்தியானம் சாப்பிட்டார். அவள் அடுப்படியில் போய் நின்று சத்தம் வராமல் அழுதாள்.

டப்பா தீர்ந்தது. ஊருக்கு விஷயம் தெரிந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் வீட்டிலிருந்த கோணல் ஆணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் செய்த உபகாரத்துக்கு இதுகூடவா செய்யமாட்டோம் என்றார்கள். பிறகு ஊரிலேயே கோணல் ஆணி தீர்ந்துவிட்டது. நிமிர்த்தியதையே அவள் திரும்ப வளைத்துப் பார்த்தாள். இரண்டு தரம் வளைந்தது மூன்றாம் தரம் ஒடிந்தது. வேறு வழியில்லாமல் இரும்புக் கடைக்குப் போய்ப் புது ஆணி வாங்கினாள். அவர் கண்ணயரும் மத்தியானங்களில் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து குறடால் ஒவ்வொன்றாக வளைத்தாள், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துருவேற்றினாள். உள்ளங்கை கொப்பளித்து, பிறகு காய்த்துப்போனது. “கோணலாவே குடுத்துடட்டுமா அக்கா? வளைக்கற கூலி மட்டும் தனி” என்பார் கடைக்காரர். ஊரில் வெட்டி வேலை எதுவானாலும் அதற்கு ‘பெரியவர் வீட்டு ஆணி’ என்று பேர் வந்துவிட்டது. அவர் காதுக்கு மட்டும் அது போகாமல் ஊர் காப்பாற்றியது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. இளையவன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு வந்தான். கொட்டகையில் அண்ணி குறடும் கையுமாக இருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டான். சொன்னாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே என்று அவள் கெஞ்சினாள். சரி என்றுதான் சொன்னான்.

அன்று பெரியவர் குஷியாக இருந்தார். கட்டிலைச் சுற்றி எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். “அவனுக்கு எதுக்கும்மா இவ்வளவு அள்ளி வைக்கறே? ஏண்டா, இன்னைக்கு என்ன கிழிச்சே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இளையவனின் மகளும் சிரித்தாள். அவளுக்கு அப்போதுதான் கேள்வி புரிகிற வயது. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

இளையவன் கையிலிருந்ததைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தான். கொட்டகைக்குப் போய்ப் புது ஆணிப் பெட்டியையும் குறடையும் எடுத்து வந்தான். ஓர் ஆணியை எடுத்து, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைத்தான். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“இதைத்தான்பா கிழிச்சேன். நீங்க ஒரு வருஷமா கிழிக்கறதும் இதைத்தான். அண்ணி வளைக்கறாங்க, நீங்க நிமிர்த்தறீங்க. சாப்பிடுங்க.”

பெரியவர் ஆணியை எடுத்து வளைவின் மேல் கட்டை விரலை ஓட்டினார். துரு இல்லை. மருமகளைத் தேடித் திரும்பினார்.

“உனக்குக் கை வலிக்கலையாம்மா?” என்றார்.

தட்டைத் தள்ளி வைத்தார். இளையவன் அன்றே பஸ் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு வேளைக்கு வேளை தட்டு போனது போலவே திரும்பி வந்தது. உதடு வெடித்தது. நிஜமான கோணல் ஆணி இல்லாமல் இந்த மனிதர் வாய் திறக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். அவர் தனியாளாகக் கட்டிய கொட்டகை, ஒவ்வொரு ஆணியும் அவர் அடித்தது. பலகையை நெம்பினாள். ஆணிகள் கிறீச்சிட்டுக்கொண்டு, வளைந்து நெளிந்து வந்தன.

பெரியவர் மோந்து பார்த்தார். மரச் சிராய் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். எங்கே கிடைத்தது என்றார். மில்லில் பழைய பலகைகளை உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றாள். சுத்தியலைக் கேட்டார். அன்று சாப்பிட்டார், ஆனால் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நாலு ஆணிக்கு இது போதும்.”

அவர் வயிறு நிறைய வேண்டுமானால் பலகை நிறையப் பெயர வேண்டும். பின்சுவர் போனது. பக்கச் சுவரில் கை வைத்தாள். அவள் புருஷன், பெரியவரின் மூத்த மகன், சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. திறந்து கிடந்த கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இதைக் கட்ட அப்பாவுக்கு ஒரு கோடை பூரா ஆச்சு.”

“ஒரு கோடை பூரா சாப்பிடுவாரு,” என்றாள் அவள்.

கோடை முடியும் முன்பே மழை வந்துவிட்டது. சுவர் இல்லாத பக்கமாகச் சாரல் அடித்தது. அந்த வாரம் பிறந்த கன்றுக்குட்டி குளிரில் விறைத்துச் செத்தது. தாய்ப்பசு விடியலிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. மாடு ஏன் கத்துகிறது என்று பெரியவர் கேட்டார். கன்றை விற்றுவிட்டோம் என்றாள். வாசற்படியில் நின்ற மூத்தவன் அதைக் கேட்டான். மழையிலேயே கடைக்குப் போனான். புதுப் பலகையும் ஒரு பை நிறைய ஆணியும் கொண்டுவந்து ஏணியைச் சாத்தினான்.

முதல் அடி விழுந்ததும் பெரியவர் தலையைத் தூக்கினார். “என்ன வேலைம்மா நடக்குது?”

“கொட்டகைக்குப் பலகை அடிக்கறாங்க மாமா.”

அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கட்டிலுக்கு அடியில் கை விட்டு டப்பாவை இழுத்தார். “இதைக் கொண்டுபோய்க் குடு. எல்லாம் நிமிர்த்தி வச்சிருக்கேன். கடை ஆணியை வாங்கித் தொலைச்சுடப் போறான்.”

அவள் டப்பாவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓடினாள். மூத்தவன் ஏணியில் நின்றபடி ஓர் ஆணியை எடுத்து வைத்து அடித்தான். இரண்டாம் அடியில் அது மடங்கியது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் மடங்கியது. மூன்றாவது ஆணி பலகையில் இறங்கவே இல்லை. அவள் டப்பாவுக்குள் பார்த்தாள். ஓர் ஆணிகூட நேராக இல்லை. நடுங்கும் கை, ஒரு கோணலை எடுத்து நாலு கோணலாக்கியிருந்தது. கடையில் ஆணி வாங்க ஆரம்பித்த பிறகு, அவர் நிமிர்த்தியதை ஒருமுறையாவது அவள் எடுத்துப் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டாரா என்று மட்டும்தான் பார்த்தாள்.

மூத்தவன் டப்பாவை வாங்கி எருக்குழியில் கவிழ்த்தான். “அவர்கிட்ட என்ன வேணா சொல்லிக்கோ,” என்றான். பையிலிருந்து கடை ஆணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தான்.

அவள் உள்ளே வந்தபோது பெரியவர் காதை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்.

“மூணு அடிச்சான். மூணும் போகல,” என்றார். “இப்ப அடிக்கறதெல்லாம் கடை ஆணி.”

அவளிடம் பொய் எதுவும் மிச்சமில்லை.

“கன்னுக்குட்டி செத்துப்போச்சா?”

“ஆமா மாமா.”

“எந்தப் பக்கத்துப் பலகையைப் பேத்தே?”

சொன்னாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

மத்தியானம் பழக்கத்தில் தட்டைக் கொண்டுவந்தாள். தள்ளிவிடுவார் என்று தெரியும். சொல்ல வேண்டியதைக்கூட மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள். பெரியவர் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். “இன்னும் கொஞ்சம் போடும்மா,” என்றார்.

அதற்குப் பிறகு எது வைத்தாலும் சாப்பிட்டார். உப்பில்லை என்றதில்லை, போதும் என்றதில்லை. சுத்தியலைக் கேட்கவே இல்லை. தண்டவாளத் துண்டை அவள் எடுக்காமல் வைத்திருந்தாள், பெருக்கும்போதெல்லாம் காலில் இடித்தது. அவருக்குக் கன்னத்தில் சதை போட்டது. இப்படி ஒரு மருமகள் எந்த வீட்டில் உண்டு என்று ஊர் மெச்சியது. டாக்டரும் மெச்சினார். எந்த வாய் திறந்தால் போதும் என்று அவள் ஒரு கொட்டகையையே பிரித்தாளோ அந்த வாய் திறப்பதை அவளால் இப்போது பார்க்க முடியவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே சாப்பாட்டைத் தாமதித்தாள். கோபம் வரும், ஏதாவது ஏசுவார் என்று அடுப்படியிலேயே காத்திருந்தாள். பின்னறையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. “அம்மா, பசிக்குதும்மா.”

கொஞ்ச நாள் கழித்து இளையவன் வந்தான். தனியாகத்தான் வந்தான். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் இருவருக்கும் பரிமாறினாள். இளையவன் தட்டில் கை வைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தாடையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. நேரம் போனது. அவர் எதுவும் கேட்கவில்லை.

“அப்பா,” என்றான் இளையவன். “நான் இன்னைக்கு ஒண்ணுமே செய்யல.”

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நானும்தான்,” என்றார். “சாப்பிடு.”

காலித் தட்டை மருமகள் பக்கம் நீட்டினார்.