மேல்தளத்து அறை

"வலது பக்கம் இறங்கியிருக்கும்மா" என்று கட்டிலிலிருந்து மாமனார் சொன்னார்.

மருமகள் ஏணியின் மேல்படியில் நின்று திரைச்சீலைக் கம்பியைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"கம்பி நேராத்தான் இருக்கு மாமா. நீங்கதான் சாஞ்சு படுத்திருக்கீங்க."

"அதுவும் சரிதான். கொஞ்ச நாளா உலகமே எனக்கு ஒரு பக்கமாத்தான் தெரியுது."

அதற்குள் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் அவளால் மூக்கால்தான் சிரிக்க முடிந்தது.

வீடுகளை அழகுபடுத்துவது அவள் தொழில். ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் அவள் கைபட்டு மினுங்க, சொந்த வீட்டுச் சுவர்கள் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அதே அழுக்கு மஞ்சளில் கிடந்தன. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த வாரத்தில்தான் பெரியவர் அவள் போனை எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், மணல் நிற விரிப்பு, பிரம்பு நாற்காலி, காற்றில் உப்பிய திரைச்சீலை.

"யார் வீடு இது?"

"ஒருத்தங்க கடற்கரை வீடு மாதிரி வேணும்னு கேட்டாங்க மாமா. அதுக்குப் பார்த்துட்டிருக்கேன்."

அவர் வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் இப்படி ஒண்ணு பண்ணிக் குடேன்."

அக்கம்பக்கத்தில் அவருக்குக் கப்பல்காரர் என்று பேர். வாலிபம் முழுவதையும் கடலில் கழித்தவர்தான். ஆனால் அவர் வேலை பார்த்தது எஞ்சின் அறையில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. எண்ணெய்ப் பிசுக்கு, காதைப் பிளக்கும் இரைச்சல், ஜன்னலே இல்லாத இரும்புச் சுவர். வேலை முடிந்து மேலே வந்தால் அடித்துப் போட்டதுபோலத் தூக்கம். "ஊர்ல எல்லாரும் கடல் எப்படி இருக்கும்னு கேப்பாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன்" என்று அவளிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவள் கணவனுக்கு இதில் இஷ்டமில்லை. "அப்பா இருக்கிற நிலைமையில சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறதா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றான். நாத்தனார் போனில் இன்னும் ஒரு படி மேலே போனாள். "உன் தொழிலைக் காட்ட எங்கப்பா ரூம்தான் கிடைச்சுதா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அன்று மாலை தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். பெரியவர்தான் கூடத்தில் போட்டிருந்த கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "என்னம்மா, கடல் பாதியிலேயே நிக்குது?" மறுநாள் வாடையில்லாத பெயின்டாகப் பார்த்து வாங்கிவந்து மீதியையும் அடித்து முடித்தாள். ஜன்னலோரச் சுவருக்கு மட்டும் வெளிறிய நீலம். தரைக்குச் சணல் விரிப்பு. சங்கு, மீன், நங்கூரம் என்று எதையும் மாட்டுவதில்லை என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். அதெல்லாம் கடைத்தெரு ஓட்டல்களுக்குத்தான் சரி.

"கடல் வீடுங்கிறே, ஒரு மீனைக்கூடக் காணோமே" என்று அவர் சீண்டுவார்.

"அதெல்லாம் ஆழத்துல இருக்கு மாமா."

கம்பியைப் பொருத்தி முடித்துத் திரைச்சீலையைக் கோக்கும்போது வாசல் மணி அடித்தது. நாத்தனார் வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அறை வாசலில் நின்று சுவரை, விரிப்பை, பிரம்பு விளக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெட்டியைப் பிரித்தாள். உள்ளே தங்க நிறப் பூச்சும் கயிறு சுற்றலுமாக முழங்கை நீளத்தில் ஒரு நங்கூரம்.

"கடல் மாதிரி பண்றேன்னு சொன்னியே. கடைல பார்த்தேன்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

மருமகள் மாமனார் பக்கம் திரும்பினாள். பெரியவர் அவளைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். அவள் ஏணியை நகர்த்தினாள். கட்டிலிலிருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் படும்படி, நீலச் சுவரின் நட்டநடுவில் ஆணி அடித்தாள்.

"இங்க சரியா இருக்கா அண்ணி?"

"இன்னும் கொஞ்சம் மேல."

கொஞ்சம் மேலே மாட்டினாள். பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிரமாதம். கப்பல் கேப்டனுக்குக்கூட இப்படி ரூம் கிடையாது."

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து அவருக்குக் கரண்டியால் டீ ஊட்டினாள். மருமகள் கடைசி வளையத்தையும் கோத்துத் திரையை இழுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். மூன்றாம் மாடிக் காற்று. கீழே தெருவில் பஸ்ஸின் ஹார்ன். திரை மெதுவாக உப்பி, கட்டில் வரை வந்து தணிந்தது.

"ஆங்..." என்றார் அவர். "இப்பத்தான் மேல வந்த மாதிரி இருக்கு."

அவள் ஏணியை மடக்கினாள், துணியால் சுவர்த் தூளைத் துடைத்தாள். நாத்தனார் தன் மகனின் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு மெல்ல நின்றது.

"தூங்கிட்டாரு" என்றாள் நாத்தனார்.

மருமகள் அருகில் வந்து பார்த்தாள். மார்பு அசையவில்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வேலை முடித்து வந்தவனின் முகம். அவள் நாத்தனாரின் தோளில் கை வைத்தாள். அந்தக் கையை நாத்தனார் இறுகப் பற்றிக்கொண்டாள். அவரை எழுப்பிவிடுவோமோ என்பதுபோல இருவரும் அசையாமல் இருந்தார்கள்.

அப்புறம் எல்லாம் நடந்தது. அலுவலகத்திலிருந்து ஓடிவந்த கணவன் அப்பாவின் காலடியில் முகம் புதைத்து அழுதான். வந்தவர்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருந்திருக்கீங்க" என்றார்கள். எந்த அர்த்தத்தில் சொன்னார்களோ, அவன் ஒவ்வொருவரிடமும், "என் வீட்டுக்காரி பண்ணினது" என்று சொன்னான்.

மறுநாள் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த மாலையில், பெரியவரோடு கப்பலில் இருந்த ஒருவர் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். நடக்கவே தள்ளாடினார். பெரியவர் படுத்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"உங்க மாமா என்ன பண்ணுவான் தெரியுமா? எஞ்சின் இரைச்சல்ல பேச முடியாதில்ல, அதனால சைகையிலயே ஜோக் சொல்லுவான். நாங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் ஜன்னலைப் பார்த்தார். காற்று வந்துகொண்டிருந்தது. "நாங்கெல்லாம்..." என்றார் மறுபடி. தலை சாய்ந்தது. மெல்லிய குறட்டை கிளம்பியது.

நாத்தனார் டீயோடு வந்து, எழுப்பலாமா என்று கண்ணால் கேட்டாள். மருமகள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

இருவரும் சணல் விரிப்பில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். நாத்தனார் பாதி குடித்துவிட்டு, டம்ளரைத் தன் முந்தானையால் துடைத்து, அவளிடம் நீட்டினாள்.