துவக்குக்குப் பூசிய தேங்காயெண்ணெய்

லண்டன் குளிரில் தேங்காயெண்ணெய் உறையும் என்பது எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். நவம்பர் வந்தால் எங்கள் குளியலறைப் போத்தல் ஹீற்றருக்கு மேல் ஏறிவிடும். மார்ச்சில்தான் இறங்கும். என் புருஷன் தேவராசாவுக்கும் இது தெரியும். தலைக்கு வைக்கும்போது தெரியும். துவக்குக்குப் பூசும்போது மட்டும் மறந்துபோனது.

துவக்கு என்றதும் பயப்பட வேண்டாம், லைசென்ஸ் உள்ள துவக்கு. சுவிசில் இருந்த காலத்தில் பிடித்த பழக்கம் அது. அங்கே ஊருக்கு ஊர் குறிபார்த்துச் சுடும் இடம் உண்டு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரோடு போய்ப் பழகினார். சுவிஸ் பாஸ்போர்ட்டோடு லண்டனில் சட்டன் பக்கம் வந்து, டைல்ஸ் பதிக்கும் வேலை தொடங்கி, முதலாவதாக விசாரித்தது பள்ளிக்கூடத்தையோ கோயிலையோ அல்ல, துவக்குக் கிளப்பைத்தான். வாரம் முழுக்க மற்றவர்களின் குளியலறைகளில் முழங்காலில் நிற்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாயில் குப்புறப் படுத்து, தூரத்தில் தொங்கும் காகிதத்தைச் சுட்டுவிட்டு வருவார். வந்தால் அன்றைக்கு முகத்தில் ஒரு அமைதி இருக்கும். அந்த அமைதிக்காக நான் எதையும் பொறுத்துக்கொள்வேன்.

லைசென்ஸ் கொடுக்க முதல் ஒரு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரியைப் பார்த்தார். மனைவிக்கு ஏதாவது ஆட்சேபனை உண்டா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று சொல்லித் தேநீர் ஊற்றினேன். அந்தக் கை முன்பு என்ன பிடித்திருந்தது என்று பொலிஸ்காரருக்கும் தெரியாது, என் புருஷனுக்கும் தெரியாது.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் நான் இயக்கத்தில் போராளியாய் இருந்தவள். மூன்று வருஷம். கலியாணம் பேசும்போது, அந்த வருஷங்களில் நான் மன்னாரில் சித்தி வீட்டில் இருந்ததாக எங்கள் வீட்டார் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதை நம்பிக்கொண்டார்கள். எங்கள் சனம் அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளிடம் காணாமல்போன வருஷங்களைத் தோண்டுவதில்லை. இங்கே இயக்கத்தைத் தடை செய்த பிறகு எனக்கு வாய் இன்னும் இறுகிப்போனது. தெரிந்தால் அவருடைய லைசென்ஸ் போகும், என் விசா என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதற்கெல்லாம் மேலாக நான் பயந்தது அவருடைய முகத்துக்குத்தான். இத்தனை வருஷம் ஒரு பொய்யோடு படுத்தெழும்பினேன் என்று தெரியும்போது அந்த முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே ஏலாமல் இருந்தது.

அந்தக் குளிர்காலம் துவக்கு இடக்குப் பண்ணத் தொடங்கியது. துவக்குக்கென்று வாங்கிய எண்ணெய் அதற்குச் சற்று முதல்தான் முடிந்திருந்தது. கடை தூரம். “எண்ணெய் எண்ணெய்தானே,” என்று குளியலறைப் போத்தலை எடுத்தார். அவருடைய அப்பா சைக்கிள் செயினுக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் தையல் மெசினுக்கும் அதைத்தான் விட்டவராம். ஹீற்றர் போட்ட எங்கள் வரவேற்பறையில் எண்ணெய் தண்ணீர்போல ஓடியது. வெற்றுத் துவக்கை இழுத்துத் தள்ளிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. கிளப்புக்குப் போய் ரவை போட்டுச் சுட்டால் இரண்டாவது குண்டிலேயே இறுகியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் திரும்பவும் வழுக்கியது.

“இஞ்ச வடிவா வேலை செய்யுது, அங்க போனா பிடிவாதம் பிடிக்குது. உன்ர மகள் மாதிரி,” என்றார்.

ஒவ்வொரு கிழமையும் ஒரு குற்றவாளி. முதலில் ரவையில் பிழை என்றார், வேறு பெட்டி வாங்கினார். பிறகு ரவைகளை அடுக்கும் ரவைக்கூட்டின் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்றார், புது ஸ்பிரிங் போட்டார். உள்ளே வெள்ளையாய் ஒட்டியிருந்ததைக் கிளப் செயலாளரிடம் காட்டியிருக்கிறார். அந்தக் கிழவர், அது ரவையில் பூசி வரும் மெழுகு, குளிருக்கு ரவைக்கூட்டைக் கோட் பொக்கற்றில் வைத்துச் சூடாக்கு என்றாராம். சூடாக்கினால் கொஞ்ச நேரம் வேலை செய்தது. அதோடு விட்டிருந்தால் சரி. வீட்டுக்கு வந்து புது ஸ்பிரிங்குக்கும் நன்றாக எண்ணெய் விட்டார்.

எனக்கு முதல் நாளே மணத்தில் விளங்கிவிட்டது. உறைந்த எண்ணெயில் ரவையைத் தூக்கும் தட்டு மேலே வராமல் பாதியில் நிற்கிறது, இழுத்துத் தள்ளும்போது ரவை சரிந்து துவக்கின் அறைவாயில் மாட்டுகிறது. எல்லாவற்றையும் துடைத்து, காய்ந்தபடி விட்டால் போதும். சமையலறையில் நின்றுகொண்டே சொல்லியிருக்கலாம். ஆனால் தேங்காயெண்ணெய் உறையும் என்று தொடங்கினால் எங்கே உறையும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வாய் திறந்தால் தட்டு, ஸ்பிரிங், வாய் என்று எல்லாம் வரிசையாய் வந்து விழும். என் வாயில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் பாத்திரம் கழுவினேன். களைத்துப்போனேன். வேலையால் வரும் களைப்பு நித்திரையோடு போய்விடும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருக்கிற களைப்புக்கு நித்திரையும் உதவாது.

ஜனவரியில் கிளப்பில் குடும்ப நாள் வந்தது. அவர் கெஞ்சிக் கூப்பிட்டார். அதற்கு முந்தினநாள் நான் வேலை செய்யும் ஸ்ட்ரெதம் முதியோர் இல்லத்தில் எனக்கு இரட்டை ஷிப்ட். கண் எரிந்தது. ஆனாலும் போனேன். உறைபனியில் புல்லெல்லாம் வெள்ளையாய் இருந்தது. சுடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு கயிறு, கயிற்றுக்குப் பின்னால் பார்க்க வந்தவர்கள் இருக்கும் மரவாங்குகள். எங்கள் ஐந்து வயது கோசிகா முன்வாங்கில் இருந்து சொக்லேட் பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றோரம் நின்றேன்.

அவர் படுத்தார், ஒன்று சுட்டார். இரண்டாவது இறுகியது. தள்ளினார், அசையவில்லை. உள்ளங்கையால் அடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனுஷனுக்கு வெட்கம் தலைக்கேறிவிட்டது. அந்த வெட்கத்தில், அந்தச் சுவிஸ்காரர் சொல்லிக்கொடுத்த எதுவும் ஞாபகம் இல்லாமல், துவக்கோடு எழும்பி, செயலாளரைக் கூப்பிடத் திரும்பினார். விரல் விசையில் இருந்தது, அடிபட்டு இறுகிய ரவை எந்த நேரமும் வெடிக்கலாம். குழல் வாங்குகளை ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டு கோசிகாவின் பக்கம் வந்தது.

“டேய்! குழலை அங்கால திருப்பு! விரலை எடு!”

அது என் குரல்தான். புருஷனை ஒருநாளும் ‘நீங்கள்’ என்பதைவிடக் குறைத்துச் சொல்லாதவள். கயிற்றைத் தாண்டியது எனக்குத் தெரியாது. குழலைப் பிடித்துக் குறிப்பலகைப் பக்கம் தள்ளி, துவக்கை அவர் கையிலிருந்து வாங்கி, முழங்காலில் நின்று, ரவைக்கூட்டைக் கழற்றி, சரிந்து நின்ற ரவையை நகத்தால் கிளப்பி எடுத்து, அறை வெறுமையா என்று சின்னவிரலை விட்டுப் பார்த்து, திறந்தபடி பாயில் வைத்தேன். என் கண் முழுநேரமும் கோசிகாவில்தான் இருந்தது. கைகளை நான் பார்க்கவே இல்லை. களத்தில் ரவை ஏறாத துவக்கோடு செத்துக்கிடந்த ஒருத்தியின் தலையை மடியில் வைத்திருந்தவள் நான். அந்தக் கைகளுக்கு வெளிச்சம் தேவையில்லை.

செயலாளர் ஓடிவந்தார். நன்றி சொன்னார். பிறகு தலையைச் சரித்து, முன்பு எங்காவது பழகியிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் கோசிகாவைத் தூக்கப் போனேன்.

“வீட்டில் நான் துடைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பாள்,” என்று என் புருஷன் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். “என்னைவிடக் கவனம்.”

நான் ஒருநாளும் பக்கத்தில் இருந்ததில்லை. துவக்கை எடுத்தாலே எழும்பிச் சமையலறைக்குப் போய்விடுவேன். அது அவருக்கும் தெரியும்.

இனி மூன்று மாதம் புதியவர்களோடு நின்று ஒழுங்கு பழகவேண்டும் என்று செயலாளர் சொன்னார். என் புருஷன் தலையாட்டினார். திரும்பி வரும்போது அவர் காரை மெதுவாக ஓட்டினார். கோசிகா பின்சீற்றில் நித்திரையாகிவிட்டாள். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி, என்ன சொல்லலாம் என்று வசனம் வசனமாய்த் தேடி, ஒன்றும் சரிவராமல் விட்டேன். கேட்கட்டும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம், பிறகு விரட்டினால் விரட்டட்டும் என்று இருந்தது. அவ்வளவு அலுத்திருந்தேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளையைச் சுட்டிருப்பன், என்ன?”

“ஓம்.”

“மன்னாரில சித்தி எண்டு ஒராள் இருக்கிறாவா?”

“இல்லை.”

அவர் மூச்சை விட்டார். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு காலம் பயந்தேன். பார்த்தேன். என்னைப்போலவே களைத்த முகமாய் இருந்தது.

“அங்க உனக்கு என்ன பேர்?” என்று கேட்டார்.

எங்கே போனாய், என்ன செய்தாய், ஏன் மறைத்தாய் என்று எத்தனையோ கேள்விக்கு நான் வருஷக்கணக்காய்ப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இயக்கம் எனக்கு வைத்த அந்தப் பெயரை என் வாயால் சொல்லவே முடியாது என்று நினைத்திருந்தேன்.

“அருவி,” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மெதுவாக, பிள்ளை எழும்பாதபடி, “அருவி” என்று கூப்பிட்டார்.

“ஓம்,” என்றேன். சொல்லி முடிக்க முதலே அழுகை வந்துவிட்டது.